பக்கத்து வீட்டில் விசாரித்ததில்

“ஒனக்கு வயசு என்னன்னு ஞாபகம் இருக்காக்கா? நாப்பத்தொம்பது! நாப்பத்தொம்பது வயசுல எவளாச்சும் சிஸ்டராப் போவாளா?”

“நான் போறேன்ல. அப்ப ஒருத்தி போறான்னு வச்சுக்க.”

“கிண்டலா இருக்கா ஒனக்கு? ஊரு என்ன பேசும் தெரியுமா? தம்பி பொண்டாட்டி சோறு போடாம வெரட்டி விட்டுட்டான்னு பேசும்!”

“பேசும்னு சொல்லிக்கிட்டு ஏங்க நீங்களே ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துறீங்க?” இது ஜெசிந்தா. அவள் சொன்னதுதான் ஊருக்கு இன்னும் நன்றாகக் கேட்டது.

பக்கத்து வீட்டுச் சண்டை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். என் பக்கம் பூசியிருக்கிறது, அவர்கள் பக்கம் பூசவில்லை. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கொல்லையைக் கூட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கூட்டின இடத்தையே நாலாவது தடவையாகக் கூட்டிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

கத்துகிறவன் ஜெரால்டு. பொன்னமராவதியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறான். ஜெசிந்தா அவன் மனைவி. சிஸ்டராகப் போகிறேன் என்று நிற்கிறவள் ஜெரால்டின் அக்கா அமலோற்பவம். கல்யாணம் ஆகாதவள். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு எங்கள் செவ்வந்திப்பட்டி மாதா கோயில் தெரு முழுக்க ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மா போய்ச் சேர்ந்து அப்போது எட்டு மாதம்.

“அடுத்த மாசம் இனியாவைப் பொண்ணு பாக்க வாரேங்கிறாங்க,” என்றாள் ஜெசிந்தா. இனியா அவர்களுடைய ஒரே மகள். “அத்தைக்காரி எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது அண்ணி? மடத்துக்குப் போயிட்டாங்கன்னா, ஏன் போனாங்கன்னு கேப்பாங்கல்ல?”

“சாமி கும்புடப் போயிருக்கான்னு சொல்லு. பொய் இல்லையே அது.”

“அவங்கதான் ஒன்னைச் சேத்துக்குவாங்களா?” என்றான் ஜெரால்டு.

“எழுதிக் கேட்டாச்சு. வயசானவங்களுக்கு ஒரு இல்லம் ஆரம்பிச்சிருக்காங்களாம். சின்னப் பொண்ணுங்க இப்பல்லாம் அவ்வளவா வர்றதில்லையாம். அம்பதுக்குள்ள இருந்தாப் பாப்போம்னு பதில் போட்டிருக்காங்க. அடுத்த வாரம் ஒரு சிஸ்டர் விசாரிக்க வருவாங்க. வீட்டுலயும் கேப்பாங்க, அக்கம்பக்கத்துலயும் கேப்பாங்க. நீ சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திரு, அது போதும்.”

“எந்த மடம்?”

“முன்னாடி கேட்டேன்ல, அதே மடந்தான்.”

என் கையில் இருந்த விளக்குமாறு நின்றுவிட்டது.

என் வாசலில்தான் தெருக்குழாய் இருக்கிறது. கல்யாணத்துக்கு விசாரிக்க வருகிறவர்கள், பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வருகிற போலீஸ், லோன் கொடுக்கிறதுக்கு முன்னால் நோட்டம் பார்க்க வருகிற பையன்கள், எல்லாரும் அந்தக் குழாயில் கால் கழுவிவிட்டு, “ஏங்க, இந்த ஜெரால்டு வீடு…” என்று என்னிடம்தான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் கேட்டதைச் சொல்வேன். கேட்காததையும் சேர்த்துத்தான் சொல்வேன். இந்தத் தெருவில் என் வாயைத் தாண்டி ஒரு கல்யாணம் நடந்ததில்லை. சிலது நடக்காமலும் போயிருக்கிறது.

அமலோற்பவம் அப்படியே நேர்மாறு. அவளிடம் ஓர் அளவு நோட்டு உண்டு. தெருவில் யார் பெருத்தாள், யார் இளைத்தாள், யாருக்கு எந்த மாதத்தில் ஜாக்கெட்டைப் பிரித்துவிட வேண்டி வந்தது எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. எனக்கு இடுப்புச் சுற்றளவு ஆறு அங்குலம் கூடினபோதுகூட, “துணி கொஞ்சம் சுருங்கிருச்சுக்கா” என்றுதான் சொன்னாள். அந்த நோட்டு என் கையில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இனி அந்தப் பழைய கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அமலோற்பவத்துக்கு இருபத்திரண்டு வயது. சிஸ்டராகப் போகிறேன் என்று அதே மடத்துக்கு எழுதினாள். அப்போது விசாரிக்க வந்தவர் ஒரு வயதான மதர். கண்ணாடி போட்டு, கையில் துணிப்பை வைத்திருந்தார். குழாயில் கால் கழுவினார். “ஏம்மா, இந்த அமலோற்பவம்னு ஒரு பொண்ணு…” என்றார். நான் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன்.

அந்த வருஷம் என் தம்பி அடைக்கலராஜ் திருச்சியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு வருவான். வந்தால் பக்கத்து வீட்டுப் பக்கம் பார்ப்பான். அவன் எங்கே பார்த்தான் என்பதை நான் பார்த்தேன். நல்ல பெண், அமைதியானவள், பக்கத்து வீடு. தம்பிக்குக் கட்டி வைத்துவிட்டால் எனக்கும் வாசலோடு வாசலாக ஒரு துணை. யாரிடமும் பேசவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. என் மனசுக்குள் நானே பரிசம் போட்டு, நானே பந்தல் கட்டிவிட்டேன்.

இந்த நேரத்தில் வந்து ஒரு மதர் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் எப்படி இருக்கும்?

“பொண்ணு தங்கமான பொண்ணுதான் மதர்,” என்று ஆரம்பித்தேன். கெட்டதைச் சொல்லும்போது நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். “ஆனா எங்க தம்பியும் அவளும் ஒருத்தருக்கொருத்தர் இஷ்டப்படுறாங்க. வீட்டுல சொல்லப் பயந்துக்கிட்டு மடத்துக்குப் போறேங்கிறா. நீங்க சேத்துக்கிட்டாலும் ஆறு மாசத்துல ஓடியாந்துருவா. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க.”

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதினார். காப்பி நன்றாக இருக்கிறது என்றார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ‘தங்களுக்கு இந்த அழைத்தல் இல்லை எனக் கருதுகிறோம். தங்களுக்காக ஜெபிக்கிறோம்.’ காரணம் எதுவும் எழுதவில்லை. அமலோற்பவம் அழவில்லை. அன்றைக்கு மத்தியானம் முழுக்க மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை நின்றது. அப்புறம் மறுபடி ஓடியது.

ஒரு ஆறு மாதம் போகட்டும், பிறகு தம்பி பேச்சை எடுக்கலாம் என்று இருந்தேன். நாலாவது மாதம் அவனுக்கு சிங்கப்பூர் விசா வந்தது. கப்பல் பட்டறை வேலை. இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தவன் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான். கூட வேலை பார்க்கிறவரின் தங்கையாம். தேவகோட்டைப் பக்கமாம். முடிந்தது கதை.

அமலோற்பவத்துக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் குழாயடியில் கேட்டது ஒரே கேள்வி: “மடத்துலயே வேண்டாம்னு சொல்லிட்டாங்களாமே, என்ன காரணம்?” எனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. தெரியாது என்று சொல்லவும் என் வாய்க்குப் பழக்கமில்லை. “என்னமோ இதயத்துல ஓட்டைங்கிறாங்க” என்று ஒருத்தரிடம் சொன்னேன். வேறொருத்தரிடம் “வலிப்பு இருக்குமோ என்னமோ” என்றேன். பிறகு யாரும் வரவில்லை. அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. நான்தான் கவலைப்பட்டேன். இவ்வளவு நல்ல பெண்ணுக்கு ஏன் அமையவில்லை என்று தெருவில் நாலு பேரிடம் உச்சுக் கொட்டினேன்.

இப்போது அதே மடத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள்.

அன்று மாலை பால் ஊற்ற வந்த காத்தாயி, “என்ன ராசாத்தி, மூஞ்சி இப்புடித் தொங்குது? பக்கத்து வீட்டுல அவ்வளவு பெரிய சண்டை நடந்திருக்கு, நீ இன்னும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. ஒடம்புக்கு எதும் முடியலையா?” என்று கேட்டாள். காத்தாயிக்கு எங்கள் கோயில் விவகாரம் பாதிதான் புரியும். ஆனால் என்னை முழுக்கப் புரியும்.

“ஒண்ணும் இல்ல.”

“அந்தப் புள்ள போறது நல்லதுக்குத்தானே. வெள்ளச் சேலை கட்டிக்கிட்டு நிம்மதியா இருக்கும்ல? இங்க இருந்து ஒனக்குத்தான் ஜாக்கெட்டு தச்சுக்கிட்டுக் கெடக்கணும். ஒனக்கு இப்பல்லாம் ரெண்டு மீட்டரு வேணும்ல?”

“பாலை ஊத்திட்டுப் போடி.”

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை சாயந்தரம் கோயிலுக்குப் போய், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்வது. எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டால், விசாரிக்க வருகிற சிஸ்டர் எப்படியும் முதலில் அவரைத்தான் பார்ப்பார். அவர் பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். என் பெயரும் அதிகம் அடிபடாது. எனக்குப் பாவமும் போகும், அவளுக்குக் காரியமும் நடக்கும். ஒரே பஸ்ஸில் இரண்டு ஊருக்கு டிக்கெட் எடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் சாமியார் அறிவுச்செல்வன் இளைஞர். வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. நான் ஒவ்வொரு தவக்காலமும் போய், “புறணி பேசினேன் சாமி” என்பேன். “எத்தனை தடவை?” என்பார். “எண்ணல சாமி” என்பேன். ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்வார். இருபத்தேழு வருஷமாக, சாமியார் மாறி மாறி, அந்த ஒற்றை வார்த்தைக்குள்ளேதான் அமலோற்பவத்தையும் சுருட்டி வைத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முதல் தடவையாகப் பிரித்துச் சொன்னேன். தம்பி, மதர், காப்பி, கடிதம், இதய ஓட்டை, வலிப்பு, எல்லாம்.

பாவசங்கீர்த்தனப் பெட்டியின் வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் காதைச் சாய்த்து வைத்திருந்தார். மின்விசிறி கறக் கறக் என்றது.

“வேற?” என்றார்.

“இது போதாதா சாமி?”

“போதும்மா. மனசு வருந்துறீங்களா?”

“வருந்துறேன். அதான் சாமி, அடுத்த வாரம் சிஸ்டர் வந்தா நீங்களே ஒரு வார்த்தை…”

“எதைப் பத்தி?”

“இப்பச் சொன்னேனே சாமி, இதைத்தான்.”

“அம்மா, இந்த எடத்துல கேட்டதை நான் வெளியில பேச முடியாது. சிஸ்டர்கிட்ட மட்டுமில்ல, பிஷப் வந்து கேட்டாலும் வாயைத் தொறக்க மாட்டேன். ஒங்ககிட்டயே கூட வெளியில வச்சு நானா இதை எடுக்க முடியாது.”

ஞானஉபதேச வகுப்பில் படித்ததுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். இந்த ஊரில் எதையும் வெளியே விடாத வாய் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற சாமியாருடையதுதான். நான் அதே பெட்டிக்குள் போய்த்தான் விஷயத்தைப் பரப்பச் சொல்லியிருக்கிறேன். நான் கோயிலுக்குள் வரும்போது தோட்டத்தில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டு நின்றாரே, அப்போதே சொல்லியிருந்தால் ஆகியிருக்கும். உள்ளே வந்து சொல்லி, உதவக்கூடிய ஒரே ஆளின் வாயையும் நானே கட்டிப்போட்டுவிட்டேன்.

“அப்ப நான் வெளிய வந்து இன்னொரு தடவை சொல்லட்டுமா சாமி? மொதத் தடவை சொல்ற மாதிரி?”

அவர் சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா தெரியவில்லை. “வெளியில வந்து சொல்றதுக்கு ஒங்களுக்கு வாய் வரும்னா, அதை என்கிட்ட எதுக்கு ரெண்டாந்தடவை சொல்றீங்க? சொல்ல வேண்டியவங்க ஒங்க பக்கத்து வீட்டுலதானே இருக்காங்க. கெடுத்ததைச் சரி பண்றதுதான் இதுக்குப் பரிகாரம். ஜெபமாலை சொல்லித் தப்பிச்சுக்க முடியாது.”

வெளியே வந்தேன். கால் மணி நேரம் கழித்து அவரும் வந்தார். “என்ன ராசாத்தியம்மா, சௌக்கியமா? முருங்கைக்காய் வேணுமா?” என்றார். ஒன்றும் தெரியாதவர் முகம். அப்படி ஒரு முகம் எனக்கு ஒரு நாள்கூட வாய்த்ததில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று நாளில் பத்து தடவையாவது அமலோற்பவம் வீட்டு வாசல் வரை போயிருப்பேன். ஒரு தடவை உள்ளேயே போய்விட்டேன். “என்னக்கா?” என்றாள். “ஊக்கு இருக்கா?” என்றேன். கொடுத்தாள். இன்னொரு தடவையும் ஊக்குத்தான் கேட்டேன். “அக்கா, நான் போறதுக்குள்ள ஒரு டப்பாவே வாங்கித் தந்துட்டுப் போறேன்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

கடைசியில் கோழைத்தனமாக ஒரு முடிவு எடுத்தேன். சிஸ்டர் புதன்கிழமை வருகிறார் என்று சுவர் வழியாகக் கேட்டிருந்தேன், அன்றைக்கு நான் ஊரில் இருக்கக் கூடாது. இங்கிருந்து எட்டு கிலோமீட்டரில் சித்தன்னவாசல். எங்கெங்கிருந்தோ வண்டி பிடித்து வந்து பார்க்கிறார்கள், நான் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன பிறகு பார்த்ததே இல்லை. புதன்கிழமை போய் அந்தக் குகை ஓவியத்தைப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று சேலை மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ் வரவில்லை. பத்தரை பஸ் வராமல் பதினொன்றே கால் பஸ்ஸும் வராமல், கடைசியில் ஒரு பஸ் வந்தது. அதிலிருந்து வெள்ளைச் சேலையில் ஒரு சிஸ்டர் இறங்கினார்.

“ஏம்மா, மாதா கோயில் தெரு எங்கிட்டு இருக்கு?”

பஸ் போய்விட்டது. நான் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

பெயர் எமரென்சியா என்றார். நாற்பது வயது இருக்கும். கையில் நீலக் கலரில் ஒரு ஃபைல். நல்ல வேளை, குழாயடியில் கால் கழுவவில்லை. “முதல்ல வீட்டுல பேசிட்டு வந்து ஒங்ககிட்ட வாரேம்மா” என்று நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். நான் என் வீட்டுக்குள் போய்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். இந்தத் தடவை கூட்டுகிற மாதிரிகூடக் காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. ஜெரால்டு சட்டை போட்டிருந்தான் போலிருக்கிறது, குரல் மரியாதையாக இருந்தது. பிறகு சிஸ்டர் ஃபைலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

“இதுக்கு முன்னாடி தொண்ணூத்தேழுல நீங்க விண்ணப்பம் போட்டிருக்கீங்க. அப்போதைய மதர் ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்காங்க. இதைக் கேக்காம நான் மேல போக முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க.” அவர் வாசித்தார். “‘பக்கத்து வீட்டில் விசாரித்ததில், பெண்ணுக்கு ஓர் இளைஞருடன் பற்றுதல் இருப்பதாகத் தெரிகிறது. வீட்டுக்குப் பயந்தே மடத்தை நாடுகிறார். ஆகவே ஏற்பதற்கில்லை.’ அந்த விஷயம் என்னாச்சும்மா?”

“எந்த விஷயம் சிஸ்டர்?”

“அந்தப் பையன்…”

“எந்தப் பையன்?”

“பையனா?” என்றான் ஜெரால்டு. மரியாதைக் குரல் போய்விட்டது. “எங்களுக்குத் தெரியாம ஒரு பையனா? யாருக்கா அது? சொல்லு, யாரு?”

“எனக்கே தெரியலடா!”

“பாத்தீங்களா சிஸ்டர்,” என்றாள் ஜெசிந்தா. அவள் குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது, மறைக்கப் பார்த்தும் தெரிந்தது. “நான் அப்பவே நெனச்சேன், ஏன் ஒரு கல்யாணமும் ஒத்து வரலைன்னு.”

“அமலோற்பவம்,” என்றார் சிஸ்டர் மெதுவாக, “பழைய கதையா இருந்தா பரவாயில்ல. ஆனா உண்மையைச் சொல்லணும். பொய்யோட ஆரம்பிக்க முடியாது.”

“நான் பொய் சொல்லல சிஸ்டர்.” அவள் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சுவர் வழியாக நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அவள் குரல் உடைந்து கேட்டதில்லை.

நான் எப்படி அந்த வீட்டுக்குள் போனேன் என்று எனக்கு நினைவில்லை. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

“அந்தப் பையன் எங்க தம்பி,” என்றேன். “அடைக்கலராஜ். இவளுக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். அவனுக்கும் பெருசா ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டதுகூட இல்ல. நான் இவளை அவனுக்குக் கட்டி வைக்கணும்னு நெனச்சேன். மடத்துக்குப் போயிட்டாக் கைய விட்டுப் போயிருவாளேன்னு நானே சொன்னேன் மதர்கிட்ட. பொய். அத்தனையும் பொய். வலிப்புன்னு சொன்னதும் நாந்தான்.”

“வலிப்பா?” என்றார் சிஸ்டர், ஃபைலைப் புரட்டிக்கொண்டே.

“அது ஃபைல்ல இருக்காது சிஸ்டர். அது வேற எடத்துல சொன்னது.”

ஜெரால்டு என்னை அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் உட்கார்ந்துவிட்டான். இருபத்தேழு வருஷமாக அக்கா கையால் சாப்பிட்ட சோறு அவன் முகத்தில் தெரிந்தது.

அமலோற்பவம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடைக்கலமா?” என்றாள். “பேண்டு நீளம் கொறைக்கக் குடுத்துட்டு வாங்காமயே சிங்கப்பூர் போனாரே, அவரா? நாப்பத்திரண்டு இஞ்சு காலு?”

“அவன்தான்.”

“எனக்கு அவரு காலு மட்டுந்தாங்க்கா தெரியும். மூஞ்சி ஞாபகமே இல்ல.”

யாராவது சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. அவள் மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“நான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆண்டவருக்கு என்னைப் புடிக்கலன்னு நெனச்சேன். தெனமும் கேப்பேன். எங்கிட்ட என்ன கொறை கண்டீங்க, சொன்னாத் திருத்திக்குவேன்லன்னு. துணி வெட்டும்போது கேப்பேன், அம்மாவைப் பொரட்டிப் போடும்போது கேப்பேன். அவரு ஒரு நாளும் பதில் சொல்லல. கோவமா இருக்காரு போலன்னு நெனச்சேன்.” மிஷின் மேலே கிடந்த துணியை நீவிவிட்டாள். “பாவம், அவரு வேண்டாம்னு சொல்லவே இல்லை. இருபத்தேழு வருசம் அவரை வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்.”

நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். எவ்வளவோ பேசின வாய். அதைக் கையால் பொத்திக்கொண்டேன்.

சிஸ்டர் எமரென்சியா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். “இப்பச் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களாம்மா? பழைய குறிப்புக்கு மேல இதை வைக்கணும்.”

எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட எழுதிக் கொடுத்ததில்லை. “நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க” என்பதுதான் என் வழக்கம். அன்றைக்கு அமலோற்பவத்தின் அளவு நோட்டுப் பேனாவை வாங்கி, ‘நான் சொன்னேன்’ என்று ஆரம்பித்து நாலு வரி எழுதினேன். கீழே ‘அ. ராசாத்தி’ என்று கையெழுத்துப் போட்டேன். சிஸ்டர் அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஜன்னலுக்கு வெளியே பால் கேனோடு காத்தாயி நின்றிருந்தாள். சாயந்தரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் செய்கிற வேலையை அவள் என்னைவிடச் சுத்தமாகச் செய்திருந்தாள்.

மூன்று வாரத்தில் மடத்திலிருந்து பதில் வந்தது. வரச் சொல்லியிருந்தார்கள். முதலில் ஓராண்டு கூட இருந்து பார்க்க வேண்டும், பிறகு நவசந்நியாசம் என்கிற பயிற்சி, பிறகுதான் துறவற வாக்குக் கொடுக்கிற வார்த்தைப்பாடு. வார்த்தைப்பாடு கொடுக்கும்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று இருக்கும். ஜெரால்டு போய் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தான்.

அந்த மூன்று வாரமும் அவள் கையில் இருந்த துணியெல்லாம் தைத்து முடித்தாள். என்னுடைய இரண்டு ஜாக்கெட்டும் கிடந்தன. திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒருநாள் காலையில் என் வாசற்கதவுக் கொக்கியில் பையோடு தொங்கின. போட்டுப் பார்த்தேன். இவ்வளவு கச்சிதமாக அவள் எனக்கு எப்போதும் தைத்ததில்லை. கூடவே ஒரு டப்பா ஊக்கு.

எங்கள் ஊரில் மடத்துக்குப் போகிற பெண் புறப்படும்போது தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று போவாள். வீட்டில் மூத்தவர்கள் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்கள். மற்றதெல்லாம் பதினெட்டு, இருபது வயதுப் பெண்களாக இருக்கும், தாய்மார்கள் அழுவார்கள். அமலோற்பவத்துக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அவளைவிட மூத்தவர்கள் தெருவில் ஏழெட்டுப் பேர்தான். அதில் நான் ஒருத்தி. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். தட்டினாள்.

“அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. சிலுவை போட்டு விடுங்க.”

“என் கையாலயா அமலு?”

“நீங்க மூத்தவங்கதானே? போடுங்க.”

நெற்றியில் விரலை வைத்தேன். குறுக்குக் கோடு கோணலாகப் போனது. அவள் தலையை நிமிர்த்தினாள்.

“மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அளவு தப்பாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். “இன்னும் வரல. வரணும். அதைக் கத்துக்கிட்டாத்தான் நான் அங்க இருக்க முடியும். வந்துருச்சுன்னா ஒரு கார்டு போடுறேன்.”

போய்விட்டாள். ஜெரால்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

தம்பி சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணும்போது இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எந்த அமலோற்பவம்?” என்றான். போன வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு திருச்சியில் வீடு கட்டிக் குடியேறிவிட்டான்.

இனியாவை விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வழக்கம்போல் குழாயில் கால் கழுவிவிட்டு என் வாசலுக்கு வந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, அவர்களிடமே போய்க் கேளுங்கள் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறக்கமாட்டேன் என்றால் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று தோன்றுமா தோன்றாதா? பயந்துபோய், “நல்ல பொண்ணுங்க. சமைக்கத் தெரியாது. அவ்வளவுதான் கொறை” என்று சொன்னேன். சிரித்தார்கள். ஜனவரியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை, அவளும் அங்கேதான் இருக்கிறாள். அத்தை ஏன் மடத்துக்குப் போனாள் என்று அவர்கள் கேட்கவே இல்லை.

மகள் போனதும் ஜெரால்டும் ஜெசிந்தாவும் பொன்னமராவதியில் கடைக்கு மேலேயே வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தையல் மிஷினைக் காத்தாயியின் மருமகள் வாங்கிப்போனாள். அமலோற்பவம் இப்போது நவசந்நியாசத்தில் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடக்கிறவர்களைப் புரட்டிப் போடுகிறாளாம். அங்கே போய்ப் பார்த்துவந்த அறிவுச்செல்வன் சாமி சொன்னார். வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். முருங்கைக்காய் வேணுமா என்றார்.

தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தால் நான் குழாயடிக்குப் போய் நிற்கிறேன். கார்டு இன்னும் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்கு இலுப்பூரில் வேலை பார்க்கிற ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்கு வந்திருக்கிறது. வந்த வாரமே ஆள் வைத்து அந்தப் பக்கச் சுவரைப் பூசிவிட்டார். இப்போதெல்லாம் ஒன்றும் சரியாகக் கேட்பதில்லை.